தேவையான அளவு: எங்களைச் சமைக்கப் பழக்கிய புத்தகங்கள் குறித்துச் சில கருத்துக்கள்

சமையற்புத்தகத்தை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது எமது வாசகர்களிற் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். கவிதைத் தொகுதிகளை வரிவரியாகப் பிரித்துப் பார்க்கிறோம். நாவலொன்றில் ஒரு பாத்திரம் பேசும் பேச்சுவழக்குச் சரியா பிழையா என்று இரவிரவாக வாதிடுகிறோம். ஆனால் லண்டனில் எங்கள் வீடுகளில் ஆகக்கூடிய தடவைகள் திறக்கப்பட்டு, மஞ்சளும் எண்ணெயும் பட்டு, கட்டுக் குலைந்து கிடக்கும் புத்தகம் எதுவென்று பார்த்தால் அது கவிதையுமல்ல, நாவலுமல்ல. அந்தப் புத்தகத்தைப் பற்றி நாங்கள் ஒரு வரியேனும் எழுதியதில்லை. அதை எழுத்தென்று எண்ணும் பழக்கமே எங்களுக்கு இருக்கவில்லை.

எழுத்துத்தான். ஒருவர் தனக்குத் தெரிந்த ஒரு காரியத்தை, அதை ஒருபோதும் செய்திராத இன்னொருவருக்கு, வார்த்தையால் மட்டும் சொல்லிக்கொடுக்க முயல்கிறார். பக்கத்தில் நிற்பவருக்கு இது தேவையில்லை. குசினிக்குள் தாயோடு நின்று வளர்ந்த பெண்பிள்ளைக்கு யாரும் குறிப்பு எழுதிக் கொடுத்ததில்லை. பிரிவு ஏற்பட்ட பின்னர்தான் குறிப்பு எழுதப்படுகிறது. அந்த வகையில், புலம்பெயர்ந்தவர்களின் முதல் இலக்கியம் கவிதை என்று நாங்கள் இதுவரை சொல்லிவந்தது பிழையாகவும் இருக்கலாம்.

எங்களைச் சமைக்கப் பழக்கிய சில நூல்களையும், நூலாகாத ஒரு கடிதத்தையும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். அவற்றை அளக்க நாங்கள் வைத்திருப்பது ஒரேயொரு சொற்றொடர்: ‘தேவையான அளவு’. ஒரு குறிப்பு எந்த இடத்தில் இப்படிச் சொல்லி நழுவுகிறது, எந்த இடத்தில் நின்று விளக்குகிறது என்று பார்த்தால், அது யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது, யாருடைய உழைப்பைச் சொல்லாமல் விட்டது என்பது தெரிந்துவிடும்.

*

எங்களிற் பெரும்பாலோர் இங்கு வந்து சேர்ந்தது எண்பதுகளின் நடுப்பகுதிக்கும் தொண்ணூறுகளின் தொடக்கத்துக்கும் இடையில். 1983 யூலைக்குப் பிறகு வந்தவர்களின் தொகை கூட, 1985இல் பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. அதன்பின் வந்தவர்கள் பல நாடுகளைச் சுற்றி வந்தவர்கள். ஈஸ்ற்ஹாமில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் நான்கு பேர் இருந்தோம். ஒருவருக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. இருவர் உணவகங்களிற் கோப்பை கழுவினார்கள். மற்றவருக்கு வேலை செய்யும் அனுமதி இன்னும் கிடைக்கவில்லை. அனுமதி இல்லாதவரே சமைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அவருக்குத் தேநீர் போடத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் ஆண்பிள்ளைகளுக்குக் குசினி என்பது பசிக்கும்போது எட்டிப் பார்க்கும் இடம். சுவையைச் சாப்பிட்டவர்களாக மட்டுமே நாங்கள் அறிந்திருந்தோம். உப்புக் கூடினால் முகத்தைச் சுளிக்கத் தெரியும். கூடினால் என்ன செய்வது என்று தெரியாது. முதல்நாள் அவித்த புட்டு இன்றுவரை எங்களுக்குள் ஒரு பகிடி. மாவுக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஊரில் சுண்டின் விளிம்பால் மாவைக் கொத்துவதைக் கண்ட ஞாபகம் ஒருவருக்கு இருந்தது. நாங்களும் வெறும் ரின்பால் பேணியொன்றை எடுத்துக் கொத்தினோம். கொத்தக் கொத்த அது களியாகத் திரண்டது. நீத்துப்பெட்டிக்குப் பதிலாக அரிதட்டில் வைத்து அவித்து, கத்தியால் வெட்டிச் சாப்பிட்டோம். மா வறுத்ததா அவித்ததா என்பதைப் பொறுத்துத் தண்ணீரின் அளவும் சூடும் மாறும் என்பதை அறிய இன்னும் பல மாதங்கள் சென்றன.

கொழும்பில் உறவினர் இருந்தவர்கள் தொலைபேசியில் விசாரித்தார்கள். நிமிடக் கணக்கில் காசு ஓடிக்கொண்டிருக்க, மறுமுனையில் இருந்து வந்த பதில்: ‘கண்ணளவாய்ப் போடு மோனை. கை சொல்லும்.’ எங்கள் கை ஒன்றும் சொல்லவில்லை.

*

எங்கள் அறைக்கு வந்த முதலாவது சமையற்புத்தகம் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. தமிழ்நாட்டு நண்பரொருவர், தனது மனைவிக்குத் திருமணத்தின்போது கிடைத்த பிரதியை எங்களுக்கு இரவல் தந்தார். திருப்பிக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

1951இல் வெளிவந்த இந்நூல் பிறந்த கதை எமது வாதத்துக்கு மிக நெருக்கமானது. இளம் வயதிலேயே கணவனை இழந்த மீனாட்சி அம்மாள், நன்றாகச் சமைப்பவர் என்று குடும்பத்தில் பெயர் பெற்றிருந்தார். தூர இடங்களுக்குப் போய்விட்ட உறவுக்காரர்கள் இதை எப்படிச் செய்வது, அதை எப்படிச் செய்வது என்று அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதை விட நூலாகவே எழுதிவிடலாமே என்று அவரது உறவினர் கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் ஊக்கமளித்தார். ஆகவே இது கடிதங்களுக்குப் பதிலாகப் பிறந்த நூல். தன் வீட்டை விட்டுப் போனவர்கள்தான் அதன் முதல் வாசகர்கள். மணமாகிப் போகும் பெண்ணின் பெட்டிக்குள், பின்னர் கடல்கடந்து போகும் பெண்ணின் பெட்டிக்குள் அது இடம்பிடித்தது தற்செயலல்ல.

தலைப்பையே பாருங்கள். ‘செய்து பார்’, ‘எழுதிப் பார்’ என்று நாம் சொல்லும்போது, முயன்று பார், பிழைத்தாலும் பரவாயில்லை என்ற பரிவு அதில் இருக்கிறது. என்ன வந்திருக்கிறது என்று உன் கண்ணாலேயே பார் என்ற சவாலும் இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போய் ‘குக் அன்ட் சீ’ ஆனபோது அந்தப் பரிவு விடுபட்டுப் போயிற்று. நூலுக்குள்ளும் மீனாட்சி அம்மாளின் குரல் அப்படித்தான் கேட்கிறது. தெரியாதவரைப் பார்த்து அவர் சிரிப்பதில்லை. எது முதலில், எது பிறகு, எந்தப் பதத்தில் இறக்குவது என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு போகிறார். இலக்கிய அலங்காரம் எதுவும் இல்லாத வசனங்கள். ஒரு வினை முடிய அடுத்த வினை. எமது சிறுகதைக்காரர்கள் சிலர் இதைப் படித்தால் நல்லது என்று எங்களுக்கு அப்போதே தோன்றியது.

அவருடைய அளவுகள் படி, ஆழாக்கு, பலம். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதை நாங்கள் பிறகுதான் கேட்டறிந்தோம். அறியும்வரையும் எங்கள் சமையல் நின்றுவிடவில்லை. அரிசிக்கும் உழுந்துக்கும் உள்ள விகிதம் தெரிந்துவிட்டால் ஆழாக்கு எவ்வளவு என்று தெரியாமலே தேநீர்க் கோப்பையால் அளந்துவிடலாம். அளவுப் பாத்திரம் ஊரோடு நின்றுவிடும், விகிதம் கூடவே வரும். கண்ணளவு என்று சொன்ன எங்கள் வீட்டுப் பெண்களிடம் இருந்ததும் இந்த விகித அறிவுதான். அவர்கள் அதைச் சொல்லவில்லை. மீனாட்சி அம்மாள் சொன்னார்.

குறையும் உண்டு. இது பிராமணக் குடும்பமொன்றின் சைவச் சமையல். மீனும் இறைச்சியும் அதற்குள் வராது. அந்தக் குடும்பத்தின் சடங்கும் ஆசாரமும் சமையலோடு சேர்ந்தே வருகின்றன. நூலாசிரியர் தனக்குத் தெரிந்ததை எழுதினார், அதில் பிழையில்லை. ஆனால் காலப்போக்கில் அதுவே தமிழர் சமையல் என்று பலரும் பேசத் தொடங்கினார்கள். பெருந்தொகையான தமிழர்கள் எதைச் சாப்பிட்டார்கள் என்பது அச்சேறாமற் போனதன் விளைவு அது. நாங்களோ மீனாட்சி அம்மாளிடம் கற்ற தாளிதத்தை ஆட்டிறைச்சிக்குப் பயன்படுத்தினோம். அவர் எங்களை மன்னிப்பாராக.

இலங்கையில் இருந்து வந்த புகழ்பெற்ற நூல், ஹில்டா டியூட்ரோம் தொகுத்து 1929இல் முதற்பதிப்புக் கண்ட ‘சிலோன் டெய்லி நியூஸ்’ சமையற்புத்தகம். அது ஆங்கிலம் வாசிக்கும் வீட்டுத் தலைவிக்கு எழுதப்பட்டது. புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவர் ஒருவர், அடுப்படியில் நின்றவர் பெரும்பாலும் வேறொருவராக இருந்திருப்பார். எங்களுக்கு அது அதிகம் உதவவில்லை. அதைவிட உதவியது, நூலகத்தில் எடுத்த சார்மெயின் சொலமனின் ஆசியச் சமையல் நூல். கொழும்பிற் பிறந்து, அங்கே பத்திரிகையில் வேலை பார்த்து, 1959இல் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தவர் அவர். 1976இல் வெளிவந்த அந்தப் பெருநூலில் இலங்கை ஒரு அத்தியாயம் மட்டுமே. ஆனால் ஊர்ப்பொருள் கிடைக்காத இடத்தில் இருந்து சமைப்பவரின் சங்கடம் அவருக்குத் தெரியும். உலர்ந்த தேங்காய்ப்பூவைச் சுடுநீரில் ஊறவைத்துப் பிழிந்து முதற்பாலும் இரண்டாம் பாலும் எடுக்கலாம் என்று அவர் சொல்லித்தான் அறிந்தோம். இங்கே ‘தேவையான அளவு’ என்ற மழுப்பலுக்கு இடமில்லை. தானே இல்லாமற் தவித்து, மாற்று வழி தேடிக் கண்டவரின் எழுத்து அது.

*

இனிக் கடிதத்துக்கு வருவோம். எங்கள் நால்வரில் ஒருவரின் தாயார் 1992இல் எழுதியது. யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லாத காலம். கடிதம் கொழும்பு போய், ஒருவர் கைமாறி இன்னொருவர் கையால் தபாலில் சேர்க்கப்பட்டு, பல வாரங்களின் பின் எங்களிடம் வந்தது. கோடு போட்ட கொப்பித் தாளின் இரு பக்கமும் பொடி எழுத்து. குடும்பச் செய்தி முடிந்ததும், மகன் கேட்டபடி மீன்குழம்பு வைக்கும் முறை.

நாங்கள் இதுவரை வாசித்த சமையற்குறிப்புகளில் இதுவே சிறந்தது. சட்டியில் மீனைப் போட்டு, வெங்காயம், பச்சை மிளகாய், உள்ளி, வெந்தயம் போட்டு, தூளும் உப்பும் போட்டு, பழப்புளியைக் கரைத்து விட்டு, பாலும் விட்டுக் கலந்து, பிறகுதான் அடுப்பில் வைக்கவேண்டும். கொதித்த பின் அகப்பை போடக்கூடாது, மீன் உடைந்துவிடும். சட்டியை இரண்டு பக்கமும் பிடித்து ஒரு ஆட்டு ஆட்ட வேண்டும். வற்றி வரும்போது கறிவேப்பிலை போட்டு இறக்கி, உடனே சாப்பிடாமல் ஆறவிட வேண்டும். எத்தனை மீன்துண்டுக்கு எத்தனை கரண்டி தூள் என்று எண்ணிக்கை போட்டிருந்தார். புளி எவ்வளவு என்பதற்குத் தேசிக்காயளவு என்று எழுதி, உங்கள் ஊர்த் தேசிக்காய் எவ்வளவு பெரிதோ தெரியாது, எங்கடை தேசிக்காயளவு என்று திருத்தியிருந்தார். வாசிப்பவன் எங்கே இடறுவான் என்பதை முன்கூட்டியே அறிந்து அங்கே நின்று விளக்குவதை விட ஒரு எழுத்தாளரால் வேறென்ன செய்யமுடியும்?

அந்தக் குறிப்பில் எண்ணெய் இல்லை. தாளிதம் இல்லை. எல்லாவற்றையும் பச்சையாகவே போட்டு அவிப்பதுதான்.

இதை வைத்து நாங்கள் ஒரு தத்துவத்தையே கட்டினோம். இந்தியச் சமையல் எண்ணெயில் தொடங்குகிறது, யாழ்ப்பாணச் சமையல் பாலிலும் புளியிலும் தொடங்குகிறது என்றோம். தாளிதம் எங்களுடையதல்ல என்றோம். நண்பர்கள் கூடும் இடங்களில், தமிழ்நாட்டு நண்பர்கள் முன்னிலையிலும் கூட, எண்ணெயில்லாத மீன்குழம்பை எமது தனித்துவத்தின் சான்றாகப் பரிமாறினோம். பதினொரு வருடம் அப்படித்தான் சமைத்தோம்.

2002இல் போர்நிறுத்தம் கைச்சாத்தாகி ஏ-9 பாதை திறந்தது. அடுத்த வருடம் அந்தத் தாயார் லண்டன் வந்தார். பெருமையோடு அவருக்கு அவருடைய குழம்பையே வைத்துக் கொடுத்தோம். ஒரு வாய் வைத்துவிட்டு, ‘தாளிக்கேல்லையோ?’ என்று கேட்டார்.

‘நீங்கள்தானே அம்மா எழுதினீங்கள்? எண்ணெய் எண்டு ஒரு சொல்லும் இல்லையே.’

‘அப்ப எண்ணெய் எங்கை மோனை இருந்தது?’

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கிய பின், அரசு வடக்குக்குப் போகும் பொருட்களுக்குத் தடை விதித்தது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம்போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு விளக்கெரித்தார்கள். சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தார்கள். பத்திரிகைகளே கொப்பித் தாளில் அச்சான காலம். இவை எல்லாம் எங்களுக்குத் தெரியும். தடையைக் கண்டித்து ஊர்வலம் போயிருக்கிறோம், துண்டுப்பிரசுரம் எழுதியிருக்கிறோம். ஆனால் அந்தத் தடை எங்கள் சட்டிக்குள்ளேயே கிடந்ததை நாங்கள் காணவில்லை. அவர் தன்னிடம் எது இருந்ததோ அதைக் கொண்டு ஒரு குறிப்பை எழுதினார், இல்லாததைப் பற்றி முறைப்பாடு செய்யவில்லை. நாங்கள் இல்லாமையை மரபென்று வாசித்தோம்.

இது ஒரு விமர்சனப் பிழை. நல்ல பிழை, பாடம் சொல்லும் பிழை. ஊர்ச்சுவை, அசல் சுவை என்று நாங்கள் இங்கு பேசும்போது ஊரின் பெயரை மட்டும் சொல்கிறோம், ஆண்டைச் சொல்வதில்லை. யாழ்ப்பாணச் சமையல் என்றால் எந்த வருடத்து யாழ்ப்பாணம்? யாருடைய வீடு? அந்த வீட்டில் அன்றைக்கு என்ன இருந்தது? இந்தக் கேள்விகள் இல்லாமல் வாசித்தால் சமையற்குறிப்பு மட்டுமல்ல, எந்தப் பிரதியும் எங்களை ஏமாற்றிவிடும்.

*

அந்தத் தாயார் இங்கிருந்த மூன்று மாதத்தில் நாங்கள் கற்றது இன்னொன்றும் உண்டு. நாங்கள் அவரிடம், உங்களுடைய கைப்பக்குவம் எங்களுக்கு வராது, அது உங்களோடு பிறந்தது என்று ஏதோ புகழ்ந்தோம். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்: ‘பிறக்கேக்கை ஒண்டும் வரேல்லை. பத்து வயசிலை இருந்து அடுப்படியிலை நிண்டு பழகினது. நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை, நாங்களும் சொல்லேல்லை.’

கைப்பக்குவம், கைமணம் என்ற சொற்களை அன்றிலிருந்து நாங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறோம். பாராட்டுப்போல ஒலிக்கும் இச்சொற்கள், பல்லாண்டுகள் கற்றுப் பெற்ற அறிவை உடம்பில் ஊறிய குணமாக்கிவிடுகின்றன. குணமென்றால் கேட்டுப் படிக்கத் தேவையில்லை, எழுதிவைக்கத் தேவையில்லை, கூலியும் தேவையில்லை. எமது புலம்பெயர் கவிதைகளில் அம்மா குழைத்துத் தந்த சோற்றுக் கவளம் எத்தனை தடவை வருகிறது என்று யாராவது எண்ணிப் பார்க்கட்டும். அந்தக் கவளத்துக்கு முன்னால் அரிசி புடைத்தது, தேங்காய் துருவியது, அம்மியில் அரைத்தது, சட்டி கழுவியது எத்தனை தடவை வருகிறது என்றும் எண்ணட்டும். ‘தேவையான அளவு’ என்பது சமையற்குறிப்பில் மட்டும் உள்ள மழுப்பல் அல்ல.

எங்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஈஸ்ற்ஹாம் அறையில் முறைவைத்துச் சமைத்துப் பழகிய நாங்கள், பிற்பாடு மனைவிமார் வந்திறங்கியதும் ஒவ்வொருவராக அகப்பையைக் கீழே வைத்தோம். நண்பர்கள் வரும் நாளில் ஆட்டிறைச்சி சமைத்துப் பெயர் வாங்குவதை மட்டும் எங்களுக்கென்று வைத்துக்கொண்டோம். வருடம் முழுவதும் நடக்கும் சோறும் கறியும் அவர்களுடையதாயிற்று. புத்தகங்கள் எங்களுக்குச் சமையலைத்தான் சொல்லித் தந்தன. எங்களை மாற்றும் பொறுப்பை நாங்களும் எடுக்கவில்லை.

*

அந்தத் தாயார் வந்துபோன 2003ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாணத் தமிழரின் சமையற்குறிப்புகள் என்ற ஆங்கில நூல் இந்தியாவில் வெளிவந்தது. ராணி தங்கராஜா திரட்டி, நேசா எலியேசர் பதிப்பித்தது. ஒடியற்கூழையும் குரக்கன் புட்டையும் துணைத்தலைப்பிலேயே வைத்த அதன் துணிவு எங்களுக்குப் பிடித்திருந்தது. கலியாண வீட்டுப் பலகாரத்தை முன்னால் வைத்து ஏழைகளின் சாப்பாட்டைப் பின்னால் ஒளிக்கவில்லை. போரால் ஊர் சிதறிய பின், சிதறியவர்களின் ஞாபகத்தை ஒன்றாகக் கட்டிவைக்கும் முயற்சி அது. அதன் பயனைக் குறைத்துச் சொல்லமாட்டோம்.

ஆயினும் இவ்வகைத் தொகுப்புகள் அனைத்தையும் பார்த்து நாங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அர்ஜுன் அப்பாதுரை 1988இல் எழுதிய கட்டுரையொன்றில், நகரத்து நடுத்தர வர்க்கப் பெண்கள் ஆங்கிலத்தில் எழுதிய சமையற்புத்தகங்கள் எப்படி ‘இந்தியச் சமையல்’ என்ற ஒன்றை உருவாக்கின என்று காட்டியிருக்கிறார். யாழ்ப்பாணச் சமையல் என்ற ஒன்றையும் நாங்கள் இப்போது அப்படித்தான் உருவாக்கிக்கொண்டிருக்கிறோம். அதற்குள் யார் இருக்கிறார்கள்?

ஒடியற்கூழையே எடுத்துக்கொள்வோம். பொருட்களின் பட்டியல் ஒடியல்மாவில் தொடங்குகிறது. பனங்கிழங்கைப் பிளந்து, வெயிலில் காயவைத்து, இடித்து மாவாக்கியவர் யார் என்பது பட்டியலுக்கு முன்னாலேயே முடிந்துபோன கதை. பனையேறியவர்களுக்கும் மீன் பிடித்தவர்களுக்கும் எங்கள் வீட்டு முற்றம்வரைதான் இடமிருந்தது. அறுபதுகளின் இறுதியிலும் தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் போவதற்காகத் தாழ்த்தப்பட்ட மக்கள் அடிவாங்கிப் போராட வேண்டியிருந்தது. அவர்கள் தந்த பொருளில் செய்த கூழை இன்று லண்டனில் ஒரே சட்டியில் காய்ச்சி, எல்லோருக்கும் பொதுவான பாரம்பரியம் என்று பிளாவுக்குப் பதில் பிளாஸ்ரிக் கோப்பையில் குடிக்கிறோம். குடிப்பது நல்லது. யார் அன்று ஒரே சட்டியில் இருந்து குடிக்கமுடியவில்லை என்பதையும் குறிப்பில் ஒரு வரி சேர்த்தால் கூழ் கெட்டுவிடாது.

வட்டிலப்பமும் அப்படித்தான். அதை நாங்கள் முதலிற் சாப்பிட்டது முஸ்லிம் அயலவர்கள் பெருநாளுக்குக் கொடுத்தனுப்பியபோது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். லண்டனில் புத்தகத்தைப் பார்த்து நாங்கள் வட்டிலப்பம் செய்தபோது முட்டை எத்தனை, சர்க்கரை எவ்வளவு என்று எல்லாம் இருந்தது. கொடுத்தனுப்பியவர்கள் இருக்கவில்லை.

*

இப்போது எங்கள் பிள்ளைகளின் காலம். 2015இல் சோஹோவில் திறந்த ‘ஹொப்பேர்ஸ்’ உணவகத்தின் முன் அப்பத்துக்காக ஆங்கிலேயர் வரிசையில் நின்றதைக் கண்டு எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது. 2022இல் அந்த உணவகத்தின் சமையற்புத்தகமும், கொவென்ற்றியில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த சிந்தியா சண்முகலிங்கத்தின் ‘றம்புட்டான்’ என்ற நூலும் லண்டனில் வெளிவந்தன. அவர் 2023இல் பறோ சந்தையில் அதே பெயரில் உணவகமும் திறந்தார்.

எங்களில் ஒருவரின் மகள் ‘றம்புட்டான்’ நூலை வாங்கி வந்து, ஆங்கிலத்தில் வாசித்து வாசித்துச் சமைத்தாள். நாங்கள் குசினி வாசலில் நின்று பார்த்தோம். கிராம், மில்லிலீற்றர், நிமிடம் எல்லாம் எழுதியிருந்தது. கை சொல்லும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கறி நன்றாகவே வந்தது. இந்நூலில் எங்களுக்குப் பிடித்தது, தான் இங்கிலாந்தில் வளர்ந்தவள் என்பதை ஆசிரியர் மறைக்காததும், குடும்பக் கதையையும் நாட்டின் கசப்பான வரலாற்றையும் கறியில் இருந்து பிரிக்காததும். எங்கள் தலைமுறை அசல் அசல் என்று கட்டிக்காத்ததை விட இது நேர்மையானது. எங்களுக்கு இடறுவது, இவ்வகை நூல்கள் ஆங்கில வாசகரின் மனதைக் கவரவேண்டிய தேவையோடு எழுதப்படுவது. அழகான வண்ணப்படங்களில் கடலும் தென்னையும் பாத்திரமும் பளபளக்கின்றன. தேங்காய் துருவியவரின் கை கொஞ்சம் தள்ளியே நிற்கிறது.

அதே 2022இல் இலங்கையில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தது. சமையல் எரிவாயுச் சிலிண்டருக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். கொழும்பில் மாடிவீடுகளில் இருந்தவர்களும் விறகு தேடினார்கள். யூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டோடினார். லண்டன் புத்தகக் கடைகளில் இலங்கைச் சமையல் நூல்கள் அடுக்கப்பட்ட அந்த வருடத்தில், இலங்கையில் எத்தனையோ பெண்கள் எது இல்லாமல் எதைச் சமைக்கலாம் என்று புதிய குறிப்புகளை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நூலாசிரியர்களைக் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களுடைய நூல்கள் அதற்கு முன்பே எழுதி முடிந்திருக்கும். அந்தப் பெண்களின் குறிப்புகள் யாரிடம் இருக்கின்றன என்பதே எங்கள் கவலை. முப்பது வருடங்களின் பின் அவர்களுடைய பிள்ளைகளும், எங்கோ ஒரு நகரத்தில், எரிவாயு இல்லாமல் சமைத்ததைக் கொழும்பின் தனிச்சுவை என்று வாதிட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

*

1992ஆம் ஆண்டுக் கடிதம் இப்போது நான்காக மடிந்த இடங்களில் கிழியத் தொடங்கிவிட்டது. எழுதியவர் உயிரோடு இல்லை. அதைத் தட்டெழுதி வைக்கலாம் என்று மகள் சொன்னபோது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது. எண்ணெயைச் சேர்த்து எழுதவேண்டும், அவருடைய உண்மையான குழம்பு அதுதான் என்றார் ஒருவர். கடிதத்தில் உள்ளபடியே விடவேண்டும், அதுதான் அவர் எழுதியது என்றார் இன்னொருவர். எண்ணெயில்லாத குழம்பே தனக்குப் பழகிவிட்டது, அதுவே இனித் தன்னுடைய குழம்பு என்றார் மூன்றாமவர். மூவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் இரண்டையும் எழுதுவதென்று தீர்மானித்தோம். முதலாவதன் மேல் 1992, யாழ்ப்பாணம், பொருளாதாரத் தடைக்காலம், எண்ணெய் இல்லை. இரண்டாவதன் மேல் 2003, லண்டன், நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, தாளித்துக் கொட்டவும். இரண்டின் கீழும் அவருடைய முழுப்பெயர்.

வாசகர்களிடமும் இதையே கேட்கிறோம். உங்கள் வீட்டில் இப்படியான கடிதமோ, கொப்பியோ, ஒரு தாளின் பின்பக்கத்தில் கிறுக்கிய குறிப்போ இருக்கும். அதை எறிந்துவிடாதீர்கள். எழுதித் தரக்கூடியவர் இன்னும் இருந்தால் பக்கத்தில் இருந்து கேட்டு எழுதுங்கள். எழுதும்போது எந்த ஊர், எந்த வருடம், யார் சமைத்தது, பொருட்களை யார் தந்தது, அன்றைக்கு எது கிடைக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். உப்பையாவது எத்தனை கரண்டி என்று சொல்லுங்கள். தேவையான அளவு என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள்.